என் கடை டேப் பிரியாது

இந்த நாற்காலியை யார் வாங்கினது, மேடம்? கோபித்துக்கொள்ளாதீர்கள், உட்கார்ந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. பின்கால் இரண்டிலும் வெல்டிங் பேருக்குத்தான் வைத்திருக்கிறான். சுங்குவார்சத்திரத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தவர் என் அப்பா. ஒரு சொம்பை விற்பதற்குள் வந்தவனின் வம்சம் முழுக்க விசாரித்துவிடுவார். அவர் பிள்ளை நான், தட்டிப் பார்க்காமல் எதன்மேலும் உட்காருவதில்லை. அரசாங்க நாற்காலி என்பதால் உட்கார்ந்தேன்.

நான் வந்த விஷயம் சின்னது. உங்கள் முதல் தகவல் அறிக்கையில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். 'தரமற்ற இன்சுலேஷன் டேப் பிரிந்ததால் மின்சாரம் தாக்கி' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த டேப் என் கடையில் எடுத்தது. கண்ணப்பன் டிரேடர்ஸ், சிமெண்ட், கம்பி, பெயிண்ட், எலெக்ட்ரிகல், பிள்ளைப்பாக்கம் ரோட்டில் இருபத்தாறு வருடம். என் கடைப் பொருளைத் திருப்பிக் கொண்டுவந்தவன் கிடையாது. நான் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்பது வேறு விஷயம்.

எலெக்ட்ரீஷியன் பிச்சையாவை உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்கள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் இங்கே வரை கேட்கிறது. பாவம், தூத்துக்குடிப் பக்கத்து மனிதர், கஞ்சத்தனம் தெரியாதவர். மற்றவன் நாலு சுற்று சுற்றுகிற ஜாயிண்டுக்கு அவர் ஏழு சுற்று சுற்றுவார். பிச்சையா சுற்றினால், அதுவும் என் கடை டேப்பால் சுற்றினால், அது மழைக்கும் பிரியாது, வெயிலுக்கும் பிரியாது. நகத்தால் நுனியைத் தேடி, கையால் பிரித்தால்தான் பிரியும்.

பிரித்தேன்.

இதை மட்டும் எழுதிக்கொண்டு பிச்சையாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என் வேலை முடிந்தது. ஆனால் உங்கள் உத்தியோகத்தில் 'ஏன்' என்று ஒரு கேள்வி கேட்பீர்கள். கடையில் அந்தக் கேள்வி வராது. ஒருவன் கோடரி கேட்டால் எடுத்துக் கொடுப்போம்.

ஆலமேட்டில் பனமரத்து கிரவுண்டு என்று ஒன்று இருக்கிறது. பனமரம் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. மற்றபடி நல்ல இடம். விடிகாலையில் போலீஸ் வேலைக்கு ஆசைப்படுகிறவர்கள் ஓடுவார்கள், நீங்கள்கூட அப்படி எங்கேயாவது ஓடியிருப்பீர்கள். சாயங்காலம் சர்க்கரை வந்த பெண்கள் நடப்பார்கள். என் மனைவி காந்திமதி சர்க்கரை வராமலேயே நடப்பாள், வீட்டில் என் முகத்தைப் பார்ப்பதற்கு அது மேல் என்று. வாலிபால் ஒரு மூலை, கபடி ஒரு மூலை, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். முன்பெல்லாம் ஊர்ப் பையன்கள்தான். இப்போது பாதிப்பேர் ஹாஸ்டல்காரர்கள். சங்கரன்கோவில், சாத்தூர், விளாத்திகுளம் என்று கிளம்பி வந்து ஒரகடத்துக் கம்பெனி லைனில் நிற்கிறவர்கள். நாங்கள் மனமிரங்கி வாடகைக்கு விட்ட அறைகளில் எட்டெட்டுப் பேராகப் படுத்து, அங்கே நீட்ட முடியாத காலை இந்த கிரவுண்டில் வந்து நீட்டுவார்கள்.

இந்த கிரவுண்டுக்கு ஒரு கேலரி வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சமுதாயத்துக்கு நல்லது செய்தே தீர வேண்டிய கட்டாயத்தில் ஒரு கம்பெனி இருந்தது. பெயர் வேண்டாம், நல்லவர்கள், பணம் அவர்களுடையது. ஆலமேடு விளையாட்டு மேம்பாட்டுக் குழு என்று ஒன்றை ஆரம்பித்தோம். தலைவர் நான். எட்டுப் படி உட்காரும் மேடை, அதன் பின்னால் வீரர்கள் உடை மாற்ற நாலு அறை, மேலே கான்கிரீட் தளம். நாலு அறையும் மெயின் ரோட்டைப் பார்த்தபடி, ரோலிங் ஷட்டர் போட்டு. உடை மாற்றுகிறவனுக்கு ஷட்டர் எவ்வளவு பத்திரம் என்று சொல்லிப் புரிய வைக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. 'அதுல மெடிக்கல் ஷாப்பு, சிக்கன் கடை எல்லாம் வருமாமே' என்று சிலர் கேட்டார்கள். வீரனுக்கு அடிபட்டால் மருந்து வேண்டாமா, புரதம் வேண்டாமா என்றேன்.

ஒரே குறை, கேலரி கிரவுண்டில் நாற்பது அடியைச் சாப்பிட்டுவிடும். வலது கை பேட்ஸ்மேனுக்கு லெக் சைடு பாதியாகிவிடும். நடைபாதை போய்விடும். கபடி மூலையும் போய்விடும். விளையாட்டை மேம்படுத்தும்போது கொஞ்சம் விளையாட்டு குறையத்தான் செய்யும்.

ஜனநாயக முறைப்படி கூட்டம் போட்டேன். புதன்கிழமை பகல் இரண்டரை மணி. அந்த நேரத்தை நான் சும்மா வைக்கவில்லை. இரண்டரைக்கு ஏ ஷிப்ட் முடித்தவன் கம்பெனி பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டிருப்பான், பி ஷிப்ட்காரன் அப்போதுதான் லைனில் ஏறியிருப்பான், சி ஷிப்ட்காரன் அறையில் செத்தவன் மாதிரிக் கிடப்பான். எங்கள் பக்கத்தில் ஒருவனும் எதிர்ப்புத் தெரிவிக்க முடியாத நேரம் ஒரு நாளில் அது ஒன்றுதான். வந்த பதினான்கு பேரில் பதினொரு பேர் என் கடை வாடிக்கையாளர்கள். மீதி மூன்று பேர் டீக்கு வந்தவர்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அப்படிப் போயிருந்தால் இன்றைக்கு நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். சக்திகுமார் என்று ஒருவன் வந்தான்.

விளாத்திகுளத்துக்காரன். கார் உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள், ஹாஸ்டல் டீமுக்கு கேப்டன். ஒல்லியாகத்தான் இருப்பான், ஆனால் பந்து பட்டால் திரும்பி வராது. அவன்தான் 'கூட்டம் செல்லாது' என்று மனு எழுதினான். ஷிப்ட் வாரியாக மூன்று நேரம் நின்று கையெழுத்து வாங்கினான். காஞ்சிபுரம் போய்க் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுநாளில் கொடுத்துவிட்டு, பதிவு நம்பரோடு திரும்பி வந்தான். அடுத்த வாரம் திங்கட்கிழமை தாசில்தார் ஆபீஸிலிருந்து அளக்க வருகிறோம் என்று தபால் வந்தது. அதற்குள் தளம் போட்டுவிட்டால் யாரும் இடிக்கச் சொல்லமாட்டார்கள் என்பது நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ராப்பகலாக வேலையை ஓட்டி வியாழக்கிழமை தளம் போட்டேன்.

அதற்கு முன்னால் அவனைப் பார்க்க ஹாஸ்டலுக்கே போனேன். பெரிய மனிதன் நான், வலியப் போனேன். ஒரு கிலோ மிக்சரும் கொண்டுபோனேன்.

"வாங்க அண்ணாச்சி" என்று பாயை உதறிப் போட்டான். கடை வைத்திருப்பவன் எல்லாம் அவர்களுக்கு அண்ணாச்சி. என் பரம்பரையில் திண்டிவனத்தைத் தாண்டித் தெற்கே போனவன் கிடையாது. ஆனாலும் திருத்தவில்லை.

டீமுக்கு இரண்டு பேட் என்றேன். சிரித்தான். பதினொரு பேருக்கும் ஜெர்சி என்றேன். மிக்சரைப் பிரித்து என் முன்னாலேயே வைத்தான். கல்வெட்டில் அவன் பெயரையும் போடுகிறேன் என்றேன். கடைசியாக, எனக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லிக் கம்பெனியில் பர்மனெண்ட் ஆக்கப் பார்க்கிறேன் என்றேன். அறையிலிருந்த மற்ற ஏழு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் பார்க்கவில்லை.

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. கிரவுண்டு கிரவுண்டா இருந்தா போதும். கேலரிய அங்கிட்டு மேக்க தள்ளிக் கெட்டுங்க. செங்கல்ல நாங்களே சொமந்து தாறோம்."

"மேற்க ரோடே இல்லியேப்பா" என்றேன்.

"கேலரிக்கு எதுக்கு அண்ணாச்சி ரோடு?"

எழுந்து வாசல் வரை நடந்தேன். எங்கள் தொழிலில் அது ஒரு முறை. வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள், பேரம் அங்கேதான் ஆரம்பிக்கும். அப்பா ஒரு குத்துவிளக்குக்கு நாலு தடவை கடைக்காரனிடமிருந்து எழுந்து போயிருக்கிறார், நாலு தடவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் செருப்பை மெதுவாகப் போட்டுக்கொண்டேன். படியிறங்கினேன். வண்டியைத் துடைத்தேன். அவன் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, மிச்சர விட்டுட்டுப் போறீகளே."

ஐம்பத்துநாலு வயதில் அப்படி யாரும் என்னைத் திருப்பிக் கூப்பிட்டதில்லை.

எனக்கு அவன்மேல் கோபம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடக் கேட்கிறவனை எனக்குப் பிடிக்கும், குறைத்துக் கேட்கிறவனை மதிப்பேன், அழுது கேட்கிறவனுக்கும் ஏதாவது கொடுத்து அனுப்புவேன். ஒன்றும் வேண்டாம் என்கிறவனை என்ன செய்வது? அவன் நிற்கிற இடத்தில் மற்றவர்கள் எல்லோரும் விலைபோனவர்கள் மாதிரித் தெரிகிறார்கள். ஒரு ஊருக்கு அது நல்லதில்லை.

மனுவின் நகல் ஒன்று என் கைக்கு வந்தது. முதல் கையெழுத்து சக்திகுமார். இரண்டாவது சுகப்பிரியா, சுங்குவார்சத்திரத்துப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், வாலிபால் ஆடுகிறவள். மூன்றாவது அன்பு. என் மகன். டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் டிரெயினி சூப்பர்வைசர். ஊர் டீமின் கேப்டன், வேகமாகப் பந்து போடுகிறவன். நாலாவது காந்திமதி. என் வீட்டில் மொத்தம் மூன்று ஓட்டு, அதிலும் எனக்கு மெஜாரிட்டி இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் நகலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இன்னாடா இது?"

"கையெய்த்துப்பா" என்றான் அன்பு. "லெக் சைடே இல்லாம எவன் கிரிக்கெட் ஆடுவான்? அந்தாண்ட தள்ளிக் கட்டேன். சக்தி சொல்றதுல இன்னா தப்பு கீது?"

"அந்தப் புள்ளைங்க கூட எதுக்கு மல்லுக்கு நிக்கிற?" என்றாள் காந்திமதி. "அதுங்க ஊரு உட்டு ஊரு வந்து கஞ்சி குடிக்குதுங்க. கொஞ்சம் எடத்த உடேன்."

நான் சிரித்தேன். குடும்பத்தில் கருத்துச் சுதந்திரம் இருக்க வேண்டும். மூன்றாவது கையெழுத்துக்கும் பின்னால் நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அளக்க வருகிற திங்கட்கிழமைக்கு முதல் நாள் ஒரு நல்லிணக்க மேட்ச் வைக்கலாம் என்றேன். ஊர் டீமும் ஹாஸ்டல் டீமும். எல்லோருக்கும் எலுமிச்சை சாதம், ஜெயித்தவர்களுக்குக் கோப்பை, மைக் செட் என் செலவு. சக்திகுமார் ஒத்துக்கொண்டான். "மேச்சு ஆடுதோம் அண்ணாச்சி. ஆனா மனு மனுதான்" என்றான். அந்த 'ஆனா'வைக் கேட்டபோதுதான் எனக்கு மனசு தெளிந்தது.

இங்கே உங்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று தொழில், இன்னொன்று கிரிக்கெட்.

கான்கிரீட் தளம் போட்டால் அதன்மேல் சிமெண்டுக் கலவையால் சின்னச் சின்ன வரப்பு கட்டி, நாள் கணக்கில் தண்ணீர் நிறுத்த வேண்டும். வயலில் பாத்தி கட்டுகிற மாதிரித்தான், நாங்களும் பாத்தி என்றே சொல்வோம். கணுக்கால் நனைகிற அளவு தண்ணீர். அதை ஏற்ற கீழே ஒரு மோட்டார். கம்பத்திலிருந்து வருகிற ஒயர் தளத்தைத் தாண்டித்தான் மோட்டாருக்கு இறங்குகிறது. நடுவில் ஒரு ஜாயிண்ட். பிச்சையா அதை ஒரு கழியில் உயரமாகக் கட்டி வைத்திருந்தார்.

கிரிக்கெட் விஷயம் இது. எங்கள் கிரவுண்டைச் சுற்றிச் சீமைக்கருவேலம். முள்ளுக்குள் பந்து போனால் யார் எடுப்பது என்று ஆதியில் பெரிய அடிதடி நடந்து, ஒரு ரூல் வந்தது. அடிச்சவனே எடுக்கணும். சிக்ஸர் அடித்தவனுக்கு ஆறு ரன்னும் உண்டு, ஆறு முள்ளும் உண்டு. எங்கள் ஊரில் பிறந்தவன் எவனைக் கேட்டாலும் சொல்வான், இது கிரிக்கெட்டின் சர்வதேசச் சட்டம் என்று. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தளம் போட்ட மறுநாள் வெள்ளிக்கிழமையிலிருந்து சக்திகுமார் பிராக்டீஸில் அடித்த பந்தில் பாதி தளத்தின் மேல்தான் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் பேட்டைக் கீழே போட்டுவிட்டு, வெறுங்காலோடு அவனே ஏணியில் ஏறி, தண்ணீரில் நடந்து, எடுத்துக்கொண்டு இறங்குவான். கடையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் எலுமிச்சை சாதத்துக்கு வரிசையில் நின்றபோது, தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கப் போவதாகச் சொல்லி மேலே போனேன். ஜாயிண்டைக் கழியிலிருந்து பாத்தித் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கினேன். மற்றதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இறங்கி வந்து, கம்பத்துச் சுவிட்சைப் போட்டுவிட்டு நானும் ஒரு தட்டு வாங்கினேன். சாதத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

சாகடிக்கவேண்டும் என்று நினைக்கவில்லை. ஒரு உதறல், அவ்வளவுதான். உதறினால் பயப்படுவான், பயந்தால் ஊருக்குப் போவான், போனால் அளக்க வருகிறவர்களுக்கு எதிரில் நிற்க ஆளிருக்காது. மின்சாரத்திடம் இவ்வளவு போதும் என்று சொல்லி வாங்க முடியாது என்பது இருபத்தாறு வருடம் எலெக்ட்ரிகல் விற்றவனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். நான் நினைத்ததைத்தான் சொல்கிறேன், தெரிந்ததைச் சொல்லவில்லை.

மைக் என்னிடம் இருந்தது. ஆலமேட்டில் எந்த மேட்ச் நடந்தாலும் வர்ணனை நான்தான். ஒரு கையில் மைக், ஒரு கையில் சோடா. நான் பேசினால் பிள்ளைப்பாக்கம் பஸ் ஸ்டாப் வரை கேட்கும், ஜனங்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

டாஸ் போட்டு முடித்ததும் அம்பயர் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்புவின் கையெழுத்து. இரண்டு கேப்டன்களும் பேசி முடிவு செய்த ரூல்கள், மைக்கில் படிக்க வேண்டியது. ஒன்று, ஒரு பக்கத்துக்கு எட்டு ஓவர். இரண்டு, வைடு உண்டு. மூன்று, காலில் பட்டால் அவுட் கிடையாது. நாலு, கருவேலத்தில் போனால் அடித்தவன் எடுக்க வேண்டும். ஐந்து, கேலரி மேல் விழுந்தால் ஆறு. ஆறு, கேலரி மேல் விழும் பந்தைப் பந்து போட்டவன் எடுத்து வர வேண்டும்.

நான்தான் படித்தேன். மைக்கில் படிக்கிறவனுக்குப் படிக்கிறது காதில் விழாது. கல்யாணப் பத்திரிகையைச் சத்தமாகப் படிக்கிற ஐயர் மணமக்களின் பெயரைக் கவனிப்பாரா என்ன.

எப்படி அந்த ரூல் மாறியது என்று சக்திகுமார் பிறகு சொன்னான். அவன் ஊரில் தலைகீழாம், பந்து போட்டவன்தான் எடுக்க வேண்டுமாம். அதை அவன் சும்மா பேச்சுக்குச் சொல்லியிருக்கிறான். அன்பு உடனே, "கரெக்டுதான் மச்சான். எங்கப்பன் கட்ன கேலரி. அதும்மேல போற பந்த நீ எதுக்கு எடுக்கணும்? நாங்க எடுத்துக்கறோம், உடு" என்றானாம். என் மகனுக்குப் பேரம் பேசத் தெரியாது என்று அவன் பிறந்ததிலிருந்து காந்திமதியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்காததையே கொடுப்பான்.

ஊர் டீம் முதலில் ஆடி அறுபத்தொரு ரன் எடுத்தது. பிறகு ஹாஸ்டல் டீம் ஆடியது. நாலாவது ஓவர் அன்பு போட்டான். எதிரில் சக்திகுமார். முதல் பந்து தடுத்தான். இரண்டாவது விட்டான். மூன்றாவது, மேலே எழும்பி, வெயிலில் கொஞ்ச நேரம் காணாமல் போய், தளத்தின் நடுப் பாத்தியில் விழுந்தது. தண்ணீர் தெறித்தது கீழே இருந்த எனக்குத் தெரிந்தது. கிரவுண்டு முழுக்கக் கைதட்டல். நானும் ஏதோ வர்ணித்தேன்.

சக்திகுமார் பேட்டை ஊன்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான். அன்பு ஏணியைப் பார்த்து நடந்தான்.

உங்களுக்குப் புரிய வேண்டும், அப்போது என்னிடம் நேரம் இல்லாமல் இல்லை. பௌலிங் முனையிலிருந்து ஏணி வரை அறுபது எழுபது தப்படி. ஏணி அடியில் அவன் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். புதுத் தளத்தில் ஷூ மண் பட்டால் நான் கத்துவேன் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு ஷூவின் லேஸையும் அவிழ்த்தான், சாக்ஸை உள்ளே திணித்தான். பொறுமைசாலி. பிறகு பதினொரு படி.

நான் யோசித்தேன். இப்போது 'ஏறாதே' என்றால் ஏன் என்று கேட்பார்கள். நூற்றைம்பது பேர் இருந்தார்கள். ஏன் என்றால் கரண்ட் என்று சொல்ல வேண்டும், கரண்ட் என்றால் உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். மறுநாள் தாசில்தார் ஆட்கள் வருகிறார்கள். கேலரி போய்விடும், கடை போய்விடும், பெயர் போய்விடும். எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்தேன், மறுபக்கம் வைக்க வேண்டியதையும் வைத்தேன். நியாயமாகத்தான் வைத்தேன். இரண்டு பக்கமும் சமமாக வருகிற மாதிரி இருந்தது. அதற்குள் அவன் மேலே போய்விட்டான்.

சக்திகுமார்தான் முதலில் ஓடினான். கம்பெனியில் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பார்களாம், உருப்படியான பயிற்சிதான். தொடாதே தொடாதே என்று கத்திக்கொண்டே போய்க் கம்பத்துச் சுவிட்சை அணைத்தான், காய்ந்த மூங்கிலால் ஒயரைத் தள்ளினான், அன்புவைத் தோளில் போட்டு இறக்கினான், நெஞ்சை அமுக்கினான். ஆஸ்பத்திரி வாசல் வரை வேனில் முட்டி போட்டபடி அமுக்கிக்கொண்டே வந்தான். அங்கே டாக்டர் அவன் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அன்புவின் ஷூவை வைத்துக்கொண்டிருந்தேன். யாரோ என் கையில் கொடுத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை சாவு வீடு என்று அளக்க யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை சக்திகுமார் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். "நான் அடிச்ச பந்து அண்ணாச்சி" என்றான். "எங்கூரு ரூல நான் சொல்லாம இருந்திருந்தா அவன் இருந்திருப்பான்." மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகச் சொன்னான். கேலரிக்கு அன்புவின் பெயரை வைக்க வேண்டும் என்றும், மீதி வேலைக்கு ஹாஸ்டல்காரர்கள் சம்பளமில்லாமல் செங்கல் சுமப்பார்கள் என்றும் சொன்னான்.

கடைசியில் அவனும் படிந்தான். ஆனால் இவ்வளவு கொடுத்து நான் எதையும் வாங்கியதில்லை என்று அப்போது தோன்றியது. சரி, உள்ளே வந்து காபி சாப்பிடு என்றேன். சாப்பிடாமல் போனான்.

காந்திமதி மூன்று நாள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. நான்காவது நாள் வந்து, என் எதிரில் உட்கார்ந்து, ஒன்றே ஒன்று சொன்னாள்.

"உங்கையிலதான மைக்கு இருந்துச்சி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு குன்றத்தூரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். துக்கத்தில் பெண்கள் ஏதேதோ சொல்வார்கள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் பேப்பரில் 'தரமற்ற டேப்' என்று வந்திருந்ததைப் பார்த்தேன். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கிளம்பி வந்தேன்.

இந்த வீடியோவை எதற்கு மறுபடி மறுபடி போடுகிறீர்கள், மேடம்? சுகப்பிரியா எடுத்தது என்று தெரியும். அன்றைக்கு முழுக்க போனைத் தூக்கிக்கொண்டுதான் திரிந்தாள். நல்ல பெண், வாலிபாலில் கெட்டிக்காரி. என் குரல் தெளிவாகத்தான் விழுந்திருக்கிறது. மைக் செட் நல்ல செட்.

ஆமாம், ஆறாவது ரூலைப் படித்ததும் கொஞ்சம் நிறுத்தியிருக்கிறேன். மூச்சு வாங்கியிருப்பேன். அதற்கப்புறம், 'பந்து போட்டவனே பொறுக்கணுமாம், இன்னா நியாயம்பா இது' என்று ஒரு ஜோக். ஜனங்கள் சிரிக்கிறார்கள் பாருங்கள். படித்தது காதில் விழாமல் எப்படி ஜோக் அடித்தீர்கள் என்று கேட்கிறீர்கள். ஜோக்குக்குக் காது வேண்டாம், மேடம். அது வாயில் தானாக வரும். எனக்கு எப்போதும் வரும்.

அந்தக் கடைசித் துண்டை நிறுத்துங்கள். பார்த்துவிட்டேன். ஏணியின் முதல் படியில் ஒரு கால் வைத்தபடி அன்பு திரும்புகிறான். இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்து என் மேஜையைப் பார்த்து ஏதோ கேட்கிறான். தூரம், காற்று, போனில் ஒன்றும் விழவில்லை. அதற்கப்புறம் மைக்கில் என் குரல். 'ஆங், ஆங், ஏறு ஏறு.' அவன் கட்டை விரலைக் காட்டிவிட்டு ஏறுகிறான்.

அது வர்ணனை. மைக்கில் நான் சொல்கிற எல்லாமே வர்ணனைதான், யாருக்கும் சொல்கிற பதில் இல்லை. அதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அவன் என்ன கேட்டான் என்று எனக்கு எப்படித் தெரியும், அவ்வளவு தூரத்தில், அவ்வளவு சத்தத்தில். 'கரண்ட்ட ஆஃப் பண்ட்ட இல்லப்பா' என்று அவன் கேட்டது என் காதில் விழவே இல்லை.